பதினேழாவது நொடி

இஞ்சின் சரியாகப் பதினேழு நொடி ஓடியது. பிறகு நின்றது. காலையிலிருந்து இது ஒன்பதாவது தடவை. ஒன்பது தடவையும் பதினேழுதான்.

வெண்டல் திறந்த பானட்டுக்குள் குனிந்தபடியே, சூடேறிய இரும்பு ஆறும்போது எழும் டிக் டிக் ஒலியைக் கேட்டுக்கொண்டு நின்றார். அவருடைய எழுபத்தைந்து வருஷத்தில் ஐம்பத்தைந்து வருஷம் இஞ்சின்களோடு கழிந்தது. ஓர் இஞ்சின் ஓட மூன்று வேண்டும்: காற்று, பெட்ரோல், பொறி. பெட்ரோல் குறைந்தால் அது இருமும், திணறும், இரண்டு மூன்று தடவை தலையெடுக்கப் பார்த்துவிட்டு அடங்கும். காற்று குறைந்தால் கரும்புகை கக்கும். பொறி கெட்டால் உதறும், வெடிக்கும். எந்த இஞ்சினும் சாகுமுன் தன் நோயைச் சொல்லிவிடும். இது சொல்லவில்லை. முழுத் தொண்டையில் கத்திக்கொண்டிருக்கும்போதே யாரோ வாயைப் பொத்தியதுபோல் நின்றது.

"என்னடா டெயில் லைட், மறுபடி பதினேழா?" என்றார் மெர்ல், கழுத்தில் தொங்கிய நிறுத்துக் கடிகாரத்தைத் தட்டியபடி. "டாக்டருக்கே நாடி கிடைக்கலைபோல."

களஞ்சியத்துக்குள் மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த இருபது பேரும் சிரித்தார்கள். டெயில் லைட் என்பது வெண்டலுக்குக் கார்வின் வைத்த பேர். 1971 கோடையில் ஒவ்வொரு ஞாயிறும் ஊருக்கு வெளியே நேர்ரோட்டில் நடந்த பந்தயத்தில் வெண்டலின் வண்டி கார்வினின் வண்டியிடம் ஒரு கார் நீளத்தில் தோற்றது. "பாவம், இவன் வாழ்க்கையில பாத்ததெல்லாம் என் டெயில் லைட்தான்" என்று கார்வின் பீர் பாட்டிலும் கையுமாகச் சொல்ல, மொத்த ஊரும் அப்படியே கூப்பிடத் தொடங்கியது. ஐம்பத்து மூன்று வருஷமாகியும் விடவில்லை.

கார்வினின் அந்த வண்டிதான் இது. 1970ஆம் வருஷத்து லாட்டிமர் சேபர். ஆகஸ்டு மாதம் ஒரு ஞாயிறு, பந்தயம் முடிந்த இடத்துக்கு அப்பால் இருந்த வளைவில் திரும்பாமல் நேரே போய், சோயா வயலுக்குள் இறங்கி, கார்வினைக் கதவு வழியாக வெளியே வீசிவிட்டு, தன் பாட்டுக்கு உருண்டு நின்றது. கார்வின் அங்கேயே செத்தான்; வண்டிக்கு முன்பக்கம் ஒரு நசுங்கல், அவ்வளவே. கார்வினின் தாய் அதை இந்தக் களஞ்சியத்தில் வைத்துப் பூட்டினாள். தொண்ணூற்றெட்டு வயதுவரை இருந்தாள்; அதுவரை பூட்டைத் தொட யாரையும் விடவில்லை. போன குளிர்காலத்தில் அவள் இறந்த பிறகு மகள் லோர்னா, கார்வினின் தங்கை, திறந்தாள். செய்தி ஒஹாயோ முழுக்கப் பரவியது.

பழைய வண்டிகளைத் தேடிச் சேர்க்கும் இவர்களுக்கு ஒரு நெறி உண்டு. இப்படிக் கண்டெடுத்த வண்டியை யாரும் துடைக்கமாட்டார்கள். எலிக்கூடு இருந்தால் இருக்கட்டும், அழுக்கு அழுக்காகவே இருக்கட்டும். அரை நூற்றாண்டுத் தூசிதான் அதன் சான்றிதழ். ஓட்டுநர் இருக்கையில் சாம்பல்நிறக் கம்பளிபோல் படிந்திருந்த தூசி கலையக் கூடாது என்பதற்காக வெண்டல்கூட உள்ளே ஏறவில்லை. ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்புவார். இஞ்சின் உயிர்பெற்றதும் முன்னால் வந்து கார்புரேட்டரைக் கையால் இயக்குவார்.

இந்த வேலையை அவர் ஒப்புக்கொண்டதற்கு ஒரே காரணம் கார்புரேட்டரின் பக்கவாட்டில் இருந்தது. சுண்டுவிரல் நீளமுள்ள ஒரு ஸ்பிரிங். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் பெட்ரோல் வழியை இழுத்து மூடுவது அதுதான். அது அறுந்தால் காலை எடுத்தாலும் இஞ்சின் அடங்காது. கார்வின் சாவதற்கு முந்தின சனிக்கிழமை இரவு, வெண்டல் அந்த ஸ்பிரிங்கின் கொக்கியை அரத்தால் முக்கால்வாசி அறுத்து வைத்தார். என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். எது எப்படி இயங்கும் என்பது அவருக்கு எப்போதுமே தெரியும். அடுத்த மாதம் பெரிய கண்காட்சிக்கு வண்டி போகும்போது நடுவர்கள் விளக்குப் பிடித்து ஒவ்வொரு திருகையும் பார்ப்பார்கள். அதற்குள் அந்தக் கொக்கி காணாமல் போக வேண்டும்.

இன்று காலையில், யாரும் வருமுன், மாற்றியும்விட்டார். அதில் ஒரு சங்கடம் இருந்தது: அறுந்து தொங்க வேண்டிய ஸ்பிரிங் முழுசாக இருந்தது. யோசிக்க நேரமில்லை. கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேறொன்றை மாட்டினார்.

நாற்காலிகளின் பக்கம் வண்டியின் நிறம்பற்றிய சண்டை சூடுபிடித்திருந்தது.

"இது பிளம் கலர். நான் பக்கத்துல உக்காந்து போயிருக்கேன்."

"தூசியில எல்லாம் பிளம்தான். அது திராட்சை."

"கழுவிப் பாத்தா தெரிஞ்சிடும்."

"தண்ணி வாளியோட வா, கையை ஒடைச்சு அடுப்புல வெக்கிறேன்."

மூலையில் மின்சட்டியில் கொதித்துக்கொண்டிருந்த மிளகாய் பீன்ஸின் வாசனை, பழைய பெட்ரோலின் வார்னிஷ் நெடி, வைக்கோல், எலி மூத்திரம், இதற்கெல்லாம் அடியில் இன்னொரு வாசனையும் வருவதுபோல் வெண்டலுக்குப் பட்டது. அது புதிதாய் அரைத்த இரும்பின் வாசனை, பட்டறையில் அரம் ஓடும்போது மூக்கில் ஏறுகிற அந்தக் காரமான நெடி. அவர் விளக்கைக் கீழே பிடித்தார். இஞ்சின்மேல் படிந்த பழுப்புத் தூசியில், கார்புரேட்டருக்கு நேர் கீழே, சிட்டிகையளவு வெள்ளிப்பொடி மின்னியது. விளக்கை மேலே நகர்த்தினார். கொக்கியில் முக்கால்வாசி வெட்டு, நேற்றுப் போட்டதுபோல் பளபளவென்று.

சட்டைப்பையைத் தொட்டார். உள்ளே ஸ்பிரிங் இருந்தது. எடுத்துப் பார்த்தார். காலையில் அவர் மாட்டிய புதுசு.

"அன்னிக்கு நான் முடிவுக் கோட்டுல நின்னேன்," என்று மெர்ல் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். "இதே கடிகாரம். பதிமூணரை செகண்டுல என்னைத் தாண்டினான். சத்தம் குறையவேயில்ல. பயபுள்ள திமிருல மிதிக்கிறான்னு நெனச்சேன். கடிகாரத்தை நிறுத்தவே மறந்துட்டேன். அப்புறம் பட்டுனு சத்தம் நின்னுச்சு, அப்பத்தான் கடிகாரத்தை அமுக்கினேன். மோதின சத்தம் அப்புறம்தான் வந்துச்சு. மொதல்ல நின்னது இஞ்சின்."

"ஏன் நின்னுச்சு?" என்று யாரோ கேட்டார்கள்.

"சாவியை அணைச்சிருப்பான். காலை எடுத்தும் வண்டி அடங்கலைன்னா வேற என்ன பண்ணுவ? ஆனா இந்த மாடல்ல சாவியை முழுசா திருப்பினா ஸ்டீயரிங்கும் பூட்டிக்கும். அது அவனுக்கு ஞாபகம் வரல. வளைவு வந்துச்சு, சக்கரம் திரும்பல."

"எத்தனையாவது செகண்டு?"

மெர்ல் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு வெண்டலைப் பார்த்தார். சிரிப்பு மெல்ல வடிந்தது. "பதினேழு," என்றார்.

வெண்டலுக்கு அப்போதுதான் அது உறைத்தது. ஒன்பது தடவையும் அவர் ஜன்னலுக்குள் கையை விட்டுச் சாவியைத் திருப்பியிருக்கிறார். ஒன்பது தடவையும், அணைந்த நிலையிலிருந்து. ஒருமுறைகூட அவர் அதை அணைக்கவில்லை.

பத்தாவது தடவை அவர் முன்னால் போகவில்லை. சாவியைத் திருப்பிவிட்டு ஜன்னலோரமே நின்றார். ஆக்சிலரேட்டரும் கார்புரேட்டரும் ஒரே கம்பியின் இரண்டு முனைகள். இதை அசைத்தால் அது அசையும், அதை அசைத்தால் இது. இரண்டையும் யாரும் தொடவில்லை. ஆக்சிலரேட்டர் மெதுவாகத் தரையைத் தொட்டது. இஞ்சின் கூரையை உலுக்கியது. தூசி கலையாத இருக்கையின் நடுவில் ஒரு பள்ளம் விழுந்தது, உள்ளே ஸ்பிரிங்குகள் கிறீச்சிட்டன, ஓர் ஆளின் எடைக்கு எவ்வளவு அமுங்குமோ அவ்வளவு. பதிமூன்று. பதினான்கு. ஆக்சிலரேட்டர் எழவில்லை. அதன்மேல் ஏதோ தட்டியது. ஒரு தடவை. மறுபடி. வேகமாக. பதினாறு.

சாவி திரும்பியது.

மௌனத்தில் ஸ்டீயரிங் 'கிளிக்' என்றது.

"இதுல ஒரு கோளாறும் இல்ல," என்றார் வெண்டல். "இன்னிக்கு இது போதும்."

"உள்ள உக்காந்து பாத்தீங்களா?" லோர்னா அவர் பின்னால் நின்றாள். கையில் காப்பிக் கோப்பை. அன்று பதினைந்து வயது, முகமெல்லாம் புள்ளி புள்ளியாக இருக்கும். இன்று வெள்ளைமுடி, அதே கண்கள்.

"ஐயோ, சீட்டுத் தூசி," என்று மெர்ல் எழுந்தேவிட்டார். "லோர்னா, அது ஒண்ணுதான் அப்படியே இருக்கு. தொட்டா வண்டியே போச்சு."

"எங்க அண்ணனோட தூசி. நான் சொல்றேன், உக்காரட்டும்." பிறகு அவள் வெண்டலின் காதருகே வந்து, காப்பியை ஊதிக்கொண்டே, மற்றவர்களுக்குக் கேட்காதபடி பேசினாள். "அந்த சனிக்கிழமை ராத்திரி மாடி ஜன்னல்ல இருந்தேன். டார்ச்சை வாயில கடிச்சுக்கிட்டு குனிஞ்சிருந்தீங்க. அண்ணனுக்கு ஏதோ சரி பண்றீங்கன்னு சந்தோஷமா போய்ப் படுத்தேன். போன மாசம் பானட்டைத் திறந்தப்ப அந்த ஸ்பிரிங் ரெண்டா அறுந்து கெடந்துச்சு. நீங்க இந்த வாசல்ல கால் வெச்ச அன்னிக்கு முழுசாயிடுச்சு. எனக்கும் மொதல்ல பயமாத்தான் இருந்துச்சு."

"லோர்னா..."

"ஏறுங்க. இல்லன்னா இவங்க எல்லாருக்கும் சொல்றேன்."

இருபது முகங்கள் பார்த்துக்கொண்டிருந்தன. ஐம்பத்து மூன்று வருஷம் அவருக்கு வணக்கம் சொன்ன முகங்கள். கதவைத் திறந்தார். தூசியின்மேல் உட்கார்ந்தார். அது ஈரமாக இருந்தது. சோயா இலை நசுங்கிய பச்சை வாசனை. கதவு தானே சாத்திக்கொண்டது, மிருதுவாக, நன்றாக எண்ணெய் போட்ட கதவுபோல். திறந்திருந்த ஜன்னலின் கண்ணாடியும் ஏறி மூடிக்கொண்டது.

அவர் சாவியைத் தொடுமுன் அது திரும்பியது.

இஞ்சின் எழுந்தது. அவர் வலது காலைத் தூக்கப் பார்த்தார். தூக்க முடியவில்லை. காலின்மேல் இன்னொரு கால். கனமானது. குளிர்ந்தது. குதிகாலிலிருந்து விரல்வரை ஒட்டி, மெல்ல, ஆசையாக அழுத்தியது.

கண்ணாடிக்கு வெளியே மெர்ல் கடிகாரத்தை உயர்த்திக் காட்டினார். பதினைந்து. வெண்டல் சாவியைப் பிடித்துத் திருப்பினார். நகரவில்லை. கதவுப்பிடி. நகரவில்லை. கண்ணாடியில் உள்ளங்கையால் அறைந்தார். வெளியே அவர்களும் கைதட்டினார்கள்.

பதினேழு.

பதினெட்டு.

சத்தம் ஏறிக்கொண்டே போனது. வண்டியைத் தூக்கி நிறுத்தியிருந்த தாங்கிகளின்மேல் பின்சக்கரங்கள் காற்றில் சுழன்றன. அவர் கத்தினார். வாய் திறந்தது மட்டும் வெளியே தெரிந்தது. நாற்காலிக்காரர்கள் எழுந்து நின்று ஆரவாரம் செய்தார்கள். அவர் காதோரம் பீர் வாசனையோடு ஒரு மூச்சு பட்டது. இருபத்தைந்து. ஸ்டீயரிங் 'கிளிக்' என்று பூட்டிக்கொண்டது. அதன் கம்பிகளுக்கிடையே அவர் விரல்கள் சிக்கின. சாவி மட்டும் ஓடும் நிலையிலேயே இருந்தது.

"நாப்பது," என்று மெர்ல் கத்தினார். "நிக்கவே இல்லையே. என்ன பண்ணினான் இவன்?"

லோர்னா காப்பியை முடித்துவிட்டுக் கோப்பையைப் பானட் ஓரத்தில் வைத்தாள்.

"ஒண்ணும் பண்ணல," என்றாள். "அவரு உள்ள உக்காந்திருக்கணும். அவரு உக்காந்திருக்கிற வரைக்கும் இது நிக்காது."