தூத்சிலாவின் இடது சரிவு

விடிந்ததும் மூவரும் ஒரே கயிற்றில் தங்களைப் பிணைத்துக்கொண்டு கிளம்பினார்கள். உத்தராகண்டின் தேசியப் பூங்கா ஒன்றுக்குள் பனியாறுகள் சூழ நிற்கும் தூத்சிலா சிகரம்தான் இலக்கு. முன்னால் நாச்சியார், நடுவில் அவளுடைய பயிற்சியாளர் தணிகைவேல், பின்னால் அவளோடு பயிற்சி பெற்ற சவரி.

"சார், நீங்க ஏறுனது இடது சரிவுதானே?" என்று நாச்சியார் கேட்டாள்.

"ஆமா, நேரா போ."

ஒன்பது வருடங்களுக்கு முன், கூட வந்தவர் காய்ச்சலில் முகாமிலேயே தங்கிவிட, தணிகைவேல் தனியாக ஏறினார். உச்சிக்கு வெகு கீழேயே மூடுபனி சூழ்ந்தது. பயந்து திரும்பிவிட்டார். கீழே எல்லோரும் கைகொடுத்தபோது உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. பிறகு இடது சரிவு, உச்சியிலிருந்து தெரியும் நீல ஏரி என்று கதை வளர்ந்தது. சேலத்தில் அந்தக் கதையைக் கேட்டுத்தான் இந்த இருவரும் அவரிடம் பயிற்சிக்கு வந்தார்கள்.

நூறடி போயிருப்பார்கள். நாச்சியாரின் காலடியில் பனி இடிந்து ஆழமான பிளவு ஒன்று திறந்தது. ஒரு கணத்தில் அவள் காணாமல் போனாள்!

கயிறு தணிகைவேலை இழுத்துச் சாய்த்தது. பனிக்கோடரியைத் தரையில் குத்தித் தொங்கினார். "பிடிச்சுக்கோ சவரி!" இருவரும் அங்குலம் அங்குலமாக இழுத்தார்கள். கன்னத்தில் ரத்தத்தோடு அவள் மேலே வந்து சேர அரைமணி நேரமாயிற்று.

மூச்சு வந்ததும் அவளே சொன்னாள், "நீங்க வந்தப்ப இந்தப் பிளவு இருந்திருக்காது சார். பனி உருகிப் புதுசா விழுந்திருக்கும்."

தணிகைவேலுக்குத் தப்பிக்க வழி! தலையாட்டினால் போதும். ஆனால் அவள் எழுந்து மறுபடியும் இடது பக்கமே கோடரியை ஊன்றினாள்.

"நாச்சியார், நில்லும்மா. நான் இந்தப் பக்கம் வந்ததே இல்ல. உச்சிக்கும் போனதில்ல. அத்தனையும் பொய்."

 அவர் தன் காலணியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப வலது பக்கம் போலாமா? தெரியுமா?" என்று அவள் கேட்டாள்.

"தெரியாது."

"சரி. கயித்தை விடாம வாங்க, அது போதும்."

வலது பக்கப் பாறை விளிம்பில் அவள் ஒவ்வொரு அடியாகச் சோதித்து ஏறினாள். பதினோரு மணிக்கு உச்சி! சவரி கதையில் கேட்ட நீல ஏரியை நாலாபுறமும் தேடினான்; அதுவும் பொய் என்று சட்டென்று நினைவு வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். பனிப்பிளவில் விழுந்திருந்தால்கூடத் தணிகைவேலுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

இறங்கிய இரண்டு நாளும் நாச்சியார் அவரிடம் பேசவில்லை. பூங்காவின் சோதனைச் சாவடியில் வனக்காவலர் தணிகைவேலிடம் பதிவேட்டை நீட்டினார். "மூணு பேரும் உச்சி தொட்டாச்சா? உங்களுக்கு ரெண்டாவது தடவை, இல்லையா?"

"முதல் தடவை. பழைய பதிவு பொய்," என்றார் தணிகைவேல். அதையே எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

"சேலத்துலயும் சொல்லணும் சார்," என்றாள் பின்னால் நின்ற நாச்சியார்.

"சொல்றேன்."

"அப்ப வாங்க, ஜீப் கிளம்பப் போவுது." அவருடைய பையின் ஒரு பக்கத்தை அவள் பிடித்துத் தூக்கினாள்.