வியாழக்கிழமைக் குப்பை

"பெரியப்பா காகிதக் குவியலுக்கு அடியில கிடக்கிறாரு... மூச்சு இல்லைங்க."

போலீஸுக்கு வந்த போன் இவ்வளவுதான். பேசியவன் குரலில் அழுகை இருந்தது.

ஒத்திகை பார்த்த அழுகை!

அவன் பெயர் தொமோயுகி. நாகானோ மலையடிவாரத்துச் சிறு நகரம் ஒன்றில், பெரியப்பா வீட்டுக்கு அடுத்த தெருவில் குடியிருப்பவன். கசங்காத சட்டை, வகிடு பிசகாத தலை. குறுக்கே பூனை போனால்கூட நின்று தலை குனிந்து வழிவிடுகிற ரகம்.

இந்தப் பரம சாதுதான் முந்தின நாள் சாயங்காலம் பெரியப்பாவின் மண்டையை இரும்புக் கெட்டிலால் உடைத்திருந்தான்.

காரணம்?

காகிதம்!

பெரியப்பா ஷிகெமாசா ஆயுசில் ஒரு காகிதத்தைக்கூட எறியாதவர். கட்டிப் பல வருஷமான மின்சார ரசீது, செத்துப்போன டிவியின் உத்தரவாத அட்டை, செத்துப்போன நண்பர்களின் புத்தாண்டு வாழ்த்து... எல்லாம் கூரையை முட்டிக்கொண்டு நின்றன. கிழவர் படுக்க ஒரு பாய் அகலம்தான் மிச்சம்.

அவருக்குப் பிறகு வீடு தொமோயுகிக்குத்தான். ஆனால் பிறகு என்கிற அந்த வார்த்தை அவனை வருஷக்கணக்காக அரித்துக்கொண்டிருந்தது. வீட்டை இடித்து மனையை விற்க ஆளே பார்த்து வைத்திருந்தான். முதலில் காகிதத்தைக் காலி பண்ணலாம் என்று நேற்றும் கெஞ்சிப் பார்த்தான்.

"நான் செத்ததுக்கப்புறம் எறிஞ்சுக்கோடா" என்றார் பெரியப்பா.

சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளை தொமோயுகி. வாக்கியத்தின் முதல் பாதியை உடனே நிறைவேற்றிவிட்டான்.

அப்புறம் தரையைத் துடைத்தான். கெட்டிலைக் கழுவி அடுப்பில் வைத்தான். பிணத்தை உள் அறைக்கு இழுத்துப் போய், ஒரு குவியலை அதன்மேல் சரித்துவிட்டான். கச்சிதம்!

ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அடித்த இடத்தில் கிடந்த ஒரு கத்தைக் காகிதம், கிழவரின் ரத்தத்தைக் குடித்து ஊறியிருந்தது.

அது தொலைந்தால் விபத்து. வீடு, மனை, நிம்மதி எல்லாம் அவனுக்கு. அது கிடைத்தால் தூக்குக் கயிறு.

மறுநாள் புதன்கிழமை. தெருவில் பழைய காகிதம் எடுக்கும் நாள்! கொலைகாரனுக்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்குமா?

விடிந்ததும் விடியாததுமாகக் கட்ட ஆரம்பித்தான். செய்தித்தாள் தனி, பத்திரிகை தனி, அட்டைப் பெட்டி தனி. காகிதக் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் முடிச்சு. தெருமுனையில் மலையாகக் குவித்துவிட்டு, அதன் பிறகுதான் போலீஸுக்குப் போன் போட்டான்.

வந்தது இன்ஸ்பெக்டர் மிசுனோ. ஐம்பது வயதுப் பெண்மணி. வாயில் எப்போதும் ஒரு பிளம் மிட்டாய். எதிரே நிற்கிறவன் முட்டாள் என்றே ஆரம்பிப்பாள், இல்லையென்று நிரூபிப்பது அவன் பாடு.

ராத்திரி பெரியப்பா தனியாக ஏதோ பெட்டியை எடுக்கப் போய்க் குவியல் சரிந்திருக்கும் என்றும், அவர் தூங்குகிறார் என்று நினைத்து முன் அறையில் காகிதம் கட்டிக்கொண்டிருந்ததாகவும், கடைசியாகத்தான் உள்ளே எட்டிப் பார்த்ததாகவும் தொமோயுகி சொல்லி முடித்தான். மூக்கையும் சிந்தினான்.

மிசுனோ பிணத்தைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"மண்டை பிளந்திருக்கு. சுத்தி இத்தனை காகிதம். ஒண்ணுலயாவது ஒரு சொட்டு ரத்தம் வேணாமா?"

"அது... எனக்கு எப்படிங்க தெரியும்?"

"தெரியாது. உங்களுக்கு எதுவுமே தெரியாதுன்னு மூஞ்சியிலயே எழுதியிருக்கு."

வெளியே லாரி சத்தம்!

காகித லாரி கடைசிக் கட்டுகளை விழுங்கிக்கொண்டிருந்தது. மிசுனோ செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினாள். லாரி முன்னால் கையை விரித்து நின்றாள்.

"ஒரு கட்டு விடாம இறக்குங்க... அத்தனையும் பிரிங்க!"

தெருவே வேடிக்கை பார்த்தது. ஐந்து போலீஸ்காரர்கள் நடுரோட்டில் மண்டியிட்டு, ஒரு கிழவர் கட்டின தண்ணீர் வரியைத் தாள் தாளாகப் புரட்டினார்கள். ரத்தம் இல்லை. கறை இல்லை. ஒரு காபி துளிகூட இல்லை!

தொமோயுகி வாசலில் நின்று பணிவாகப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பணிவுக்குள்ளே ஒரு சிரிப்பு உட்கார்ந்திருந்தது.

மிசுனோவின் போன் அடித்தது. மேலதிகாரி. கிழவன் குப்பையில் விழுந்து செத்ததற்குத் தெருவை மறித்து நாடகமா என்று கத்தினார். விபத்து என்று எழுதிவிட்டு மதியத்துக்குள் திரும்பி வரச் சொன்னார்.

அதுவும் போதாதென்று லாரிக்காரர், பிரித்த காகிதத்தை ஏற்ற முடியாது, கட்டிக் கொடுத்தால்தான் எடுப்பேன் என்று கையைக் கட்டிக்கொண்டார். போலீஸ்படை உட்கார்ந்து கட்ட ஆரம்பித்தது.

மேற்பார்வைக்குத் தானாகவே வந்து சேர்ந்தாள் கனெமுரா அம்மாள். தெருச் சங்கத்தின் குப்பைப் பொறுப்பு அவளுக்கு. அடுத்தவர் குப்பையில் மூக்கை நுழைக்க அரசாங்கமே அனுமதி கொடுத்த மாதிரி ஒரு நடை.

"முடிச்சு தொளதொளன்னு இருக்கு, இன்ஸ்பெக்டர். உங்க வீட்டுலயும் இப்படித்தான் கட்டுவீங்களா?"

மிசுனோ பல்லைக் கடித்தாள். மிட்டாய் உடைந்தது.

"தொமோயுகி தம்பிகிட்ட கத்துக்குங்க. என்ன ஒழுங்கு! விடியக்காலைல என் வீட்டுக் கதவைத் தட்டி, கறை பட்ட காகிதத்தை இந்தக் கட்டுல சேர்க்கலாமான்னு கேட்டுட்டுப் போனாரு. இந்தக் காலத்துல யாருங்க கேக்கறாங்க?"

மிசுனோவின் கை கயிற்றில் அப்படியே நின்றது.

"என்ன கறை?"

"சோயா சாஸ் கொட்டிடுச்சாம். கறை பட்டா அது எரிக்கிற குப்பை, நாளைக்கு வியாழக்கிழமைதான் போடணும்னு சொன்னேன். பையும் நான்தான் கொடுத்தேன். போடறவங்க பேரு பையில இருக்கணும்கிறது விதி. என் பேனாவை வாங்கி வாசல்லயே பேரை எழுதிட்டு, பேனாவைத் துடைச்சுத் திருப்பிக் கொடுத்தாரு பாருங்க..."

மிசுனோ அதற்குள் வீட்டுக்குள் போய்விட்டாள்.

சமையலறையில், பின்கதவு ஓரமாக, வாய் கட்டின பை ஒன்று சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. காலையிலிருந்து மூன்று போலீஸ்காரர்கள் அதைத் தாண்டித் தாண்டி நடந்திருந்தார்கள். குப்பைப் பை குப்பைப் பையாக இருந்தால் யார் பார்க்கிறார்கள்? வீடெல்லாம் சலித்த அந்த மூன்று மேதைகளையும் மிசுனோ ஒரு பார்வை பார்த்தாள். மூவரும் சுவரைப் பார்த்தார்கள்.

பையில் அழகான கையெழுத்தில் பெயர் இருந்தது. தொமோயுகி.

பின்னாலேயே ஓடி வந்தவனின் வகிடு முதல் தடவையாகக் கலைந்திருந்தது.

"பெரியப்பா வீட்டுக் குப்பையில உங்க பேரு எதுக்கு?"

"செத்தவர் பேர்ல குப்பை போடக்கூடாதுங்களே..." என்றான் தொமோயுகி. பதில் தெரிந்த கேள்விக்கு உடனே எழுந்து நிற்கிற பழக்கம் அவனுக்கு. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. வாய் திறந்தபடியே நின்றது.

"விடியக்காலைலயே எழுதின பேரு இது. அப்ப அவர் தூங்கறாருன்னுல்ல நினைச்சுட்டு இருந்தீங்க?"

மிசுனோ குனிந்து பையை முன்னால் இழுத்தாள்.

முடிச்சை அவிழ்த்தாள். மேலே ஒரு செய்தித்தாள், அதற்குள் கிழவரின் வாழ்த்து அட்டைகள். ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்து, பழுப்பாக...

சோயா சாஸ் அப்படிக் காயாது.

ராத்திரியே மலையோரமாகக் கண்ட இடத்தில் வீசியிருந்தால், அது போயே போயிருக்கும். தொமோயுகியும் வீட்டை இடித்துக்கொண்டிருப்பான். அவனுக்கு இது தெரியாமல் இல்லை. மனசுதான் வரவில்லை!

"ஒரு நாள்தாங்க... நாளைக்கு லாரி வந்திருந்தா..." என்று முனகினான்.

விலங்கு மாட்டினார்கள். அப்போதும் அவன் கண் அந்தப் பையிலேயே இருந்தது. திறந்த பையைக் கட்டாமல் வைப்பது விதிக்கு விரோதம்.

மிசுனோ புது மிட்டாய் ஒன்றைப் பிரித்து வாயில் போட்டாள். உறையை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"என்ன மனுஷன்யா நீங்க... ஆளைக் கொல்ல நாள் பாக்கல. குப்பை போட மட்டும் நாள் பாத்திருக்கீங்க!"