ஸ்டார்ட்டப் ஃபோல்டரில் அத்தான்

பெட்டியும் கையுமாக நான் அக்கா வீட்டுக்குள் நுழைந்தபோது காலை ஏழு மணி. அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அத்தான் இறந்துபோய் இரண்டு மாதம். அவரா, அவருடைய இந்த ஓட்டைக் கம்ப்யூட்டர் டப்பாவா, எது முதலில் நிற்கும் என்று நாங்கள் கிண்டல் செய்வதுண்டு. டப்பா ஜெயித்துவிட்டது; இன்னும் ஓடுகிறது.

ஆன் செய்ததும் தானாகத் திறக்க வேண்டியதை ஸ்டார்ட்டப் ஃபோல்டரில் போட்டு வைப்பார்கள். அத்தான், பஸ்ஸில் துண்டு போடுவதுபோல், மூன்றைப் போட்டிருந்தார்: கடிகாரம், சீட்டாட்டம், ஒரு நோட்பேட்.

அந்த நோட்பேடில் தினம் ஒரு புது வரி வந்தது.

'இண்ணைக்கும் வேலைக்குப் போகாதே.'

"அக்கா, யாரு இதை டைப் பண்றது?"

"உங்க அத்தான்தான். வேற யாருக்குடா இவ்வளவு எழுத்துப்பிழை வரும்?"

அக்கா நர்ஸ். மூன்று வாரமாக ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. நாளையும் வராவிட்டால் வேலை இல்லை என்று தலைமை நர்ஸ் எனக்கே போன் செய்திருந்தார்.

அந்தக் காலத்து மெஷின் கிளம்பும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தால் ஸ்டார்ட்டப்பில் இருப்பது எதுவும் ஓடாது. பிடித்தேன். விசை ஐஸ் மாதிரி இருந்தது. திரையில் எதுவும் வரவில்லை. ஃபோல்டரைத் திறந்து மூன்றையும் அழித்தேன்.

"அழிச்சிட்டியா?" அக்காவின் குரல் இறங்கியிருந்தது. "இனி அவர் எங்கேடா போவார்?"

நல்ல கேள்வி. எனக்குத்தான் அது உறைக்கவில்லை.

அன்று அங்கேயே தங்கினேன். யூனிஃபார்மை இஸ்திரி போட்டு நாற்காலியில் மாட்டி வைத்தேன். விடிந்ததும் அக்காவை எழுப்பினேன்.

கம்ப்யூட்டர் ஆன் ஆவதுபோல் கண்ணைத் திறந்தாள்.

"மணி ஆறு நாப்பத்தேழு."

அந்த அறையில் கடிகாரம் கிடையாது.

வெறுங்கையால் சீட்டுக் கலைத்தாள்.

சரக். சரக்.

சீட்டு இல்லை. சத்தம் மட்டும் இருந்தது.

"அக்கா, யூனிஃபார்மைப் போட்டுக்கோ. உன் கால்ல வேணா விழறேன்."

உலுக்கினேன். இழுத்தேன். முளை அடித்த மாதிரி உட்கார்ந்திருந்தாள். டியூட்டி நேரம் தாண்டியது. தலைமை நர்ஸின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது.

அப்புறம் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்துக் கூப்பிட்டாள். அத்தானைத் தவிர யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. கூடப்பிறந்த தம்பியை எந்த அக்காவும் அப்படிக் கூப்பிட மாட்டாள்.

"மச்சான், நீ தினம் எத்தனை மணிக்கு முழிப்பே?"