மலையில் ஓர் ஓட்டை

திரையில் உருவாகி வந்த பச்சைமலையில் ஓர் ஓட்டை இருந்தது. ஆள் நிற்கிற வடிவத்தில்.

சாமுண்டீஸ்வரி கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். ஜன்னலோரம் முக்காலியில் நின்ற லேசர் கருவி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை, தொலைவில் ராத்திரி விளக்குகளோடு தெரிந்த மலைமேல் வீசி, பட்டுத் திரும்பியதையெல்லாம் புள்ளி புள்ளியாகக் கோத்து, பாறைக்குப் பாறை மேடுபள்ளத்தோடு எழுப்பிக்கொண்டிருந்தது. குறுக்கே மனிதன் நின்றால் அவனையும் வரைந்திருக்கும். இது கதிரை வாங்கிக்கொண்டு எதையும் திருப்பித் தரவில்லை.

வெளியே மொட்டைமாடி காலி. ஜி.எஸ்.டி. ரோட்டு லாரிகளின் இரைச்சலும் டீசல் புகையும் மட்டும் ஜன்னலேறி வந்தன.

கருவி ஓடும்போது அறையை வெளியிலிருந்து பூட்டிவிடுவது அந்த ஆபீஸ் வழக்கம். யாராவது உள்ளே நுழைந்து கதிரில் கண்ணைக் கொடுத்துவிடக் கூடாதாம். உள்தாழ்ப்பாள் போதாதா என்று கேட்டதற்கு, ஃபாரின் மிஷின், பூட்டினால்தான் நிம்மதி என்றார் மானேஜர் ராஜாராமன். உள்ளே ஒருத்தி இருப்பது அவர் நிம்மதிக் கணக்கில் இல்லை. பெண்களுக்கு ராத்திரி வேலை சரிவராது என்றவரிடம் சண்டை போட்டு வாங்கிய ஷிஃப்ட் இது. ஒழுங்காக முடித்தால் வேலை நிரந்தரம். குடும்பத்தில் முதல் டிகிரிக்காரி, பயந்து கதவைத் தட்டினாள் என்ற பேச்சோடு வீட்டுக்குப் போக முடியாது.

இரண்டாவது படம். ஓட்டை பெரிதாகியிருந்தது. கருவியை நெருங்க நெருங்க எதுவும் மலையை அதிகமாகத்தான் மறைக்கும்.

இன்டர்காமை எடுத்தாள். மாடியில் யாராவது இருக்கிறார்களா என்று வாட்ச்மேன் பொன்னுசாமியிடம் கேட்டாள்.

“மாடிச் சாவி என் இடுப்புல கீது, எவன் வருவான்? பயமா கீதா பாப்பா? சாருக்கு போன் போடவா?”

“வேணாம்ணே. சும்மா கேட்டேன்.”

வைத்த பிறகு ரிசீவர் ஈரமாக இருந்தது. அவள் வியர்வைதான்.

மூன்றாவது படம். மலை இல்லை. திரை முழுக்கக் கறுப்பு. ஜன்னலுக்கு வெளியே அதே மலை, அதே விளக்குகள். லாரிச் சத்தம் மட்டும் பஞ்சுக்குள்ளிருந்து வருவதுபோல் அமுங்கியிருந்தது.

நான்காவது படத்தில் மலை முழுதாக வந்தது. ஒரு புள்ளி குறையவில்லை.

அப்பாடா என்று மூச்சை விட்டவள், பாதியில் நிறுத்தினாள்.

போகவில்லை. கருவியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது.

கருவியின் தலையைக் கதவுப் பக்கம் திருப்பினாள். திரையில் சுவர் வர ஆரம்பித்தது. அதற்குமேல் பார்க்கத் தெம்பில்லை. வேலையாவது மண்ணாவது. ஓடிப்போய்க் கதவைத் தட்டக் கையை ஓங்கினாள்.

கை இறங்கவில்லை.

கத்த வாய் திறந்தாள். சத்தம் வரவில்லை.

அவள் தலை மட்டும் திரும்பியது. திரையில் வரி வரியாக வந்தது.

கதவு. அவள் தோள். முழங்கை. ஓங்கிய விரல்கள்.

மணிக்கட்டைச் சுற்றி மட்டும், ஐந்து விரல் பதிந்த கறுப்பு.