சிவப்பு கொஞ்சம் விலகியிருக்கு

ஏரியல் கம்பியை அவன் இன்னும் செருகவில்லை. ஆனாலும் திரையில், வெள்ளைக் கட்டங்களுக்குப் பின்னால், ஏதோ அசைந்தது.

அவன் டிவிக்குப் பின்னால் குந்தியிருந்தான். எதிரே நாற்காலியில் சாய்த்திருந்த கண்ணாடியில்தான் திரையைப் பார்க்க முடிந்தது. பழைய வால்வு கலர் டிவியைச் சரிசெய்ய அதுதான் வழி. திருக வேண்டியதெல்லாம் பின்பக்கம், படம் முன்பக்கம். சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனியாக வரும் மூன்று படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினால்தான் ஒரு முழுப் படம் கிடைக்கும். பொருந்தாவிட்டால் ஓரங்களில் நிறம் பிசிறும். அதைப் பார்க்கத்தான் ஒரு சின்னக் கருவி திரையில் கட்டம் போடுகிறது. கட்டத்தைத் தவிர வேறெதுவும் வரக்கூடாது.

இந்தக் கண்ணாடி வருவதற்கு முன்பு, பார்த்துச் சொல்ல மனைவி இருந்தாள். எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்துப் பார்த்து, "ஏங்க, சிவப்பு கொஞ்சம் விலகியிருக்கு. இன்னும். இன்னும். போதும்" என்பாள். பிரசவத்துக்குப் போனாள். குழந்தை மட்டும் வீட்டுக்கு வந்தது. குழந்தையின் முகத்தை அவள் பார்க்கவேயில்லை. அவளுடைய அலமாரிக் கண்ணாடியைக் கழற்றி இங்கே கொண்டுவந்தான். அதற்குமேல் அதைப் பற்றி அவன் யாரிடமும் பேசியதில்லை.

மத்தியானம் மாமியார் வந்திருந்தார். கூடத்தில் அடுக்கியிருந்த டிவிகளுக்கு நடுவே ஒருக்களித்து நடந்தார்.

"இத்தனை டிவி இருக்கு மாப்பிள்ளை. ஒண்ணுலயாவது செய்தி பாக்க முடியுமா?"

"இது ஓடும் அத்தை. இன்னைக்கு."

"நீங்களும் இதுங்க மாதிரிதான். சூடு இருக்கு, சத்தம் வரல. பாப்பா என்கிட்ட இருக்கட்டும். சாயங்காலம் வர்றேன், துணிமணிய எடுத்து வைங்க."

"அவள அனுப்ப மாட்டேன்."

"அப்போ அவகூட நாலு வார்த்தை பேசுங்க. புள்ள செவுத்தோட பேசிட்டிருக்கு."

அது அவனுக்கு உறைத்தது. பாப்பாவும் போய்விட்டால் வீட்டில் வெறும் பெட்டிகள்தான் மிஞ்சும். அதனால்தான் நாலு வயதுப் பெண்ணை அவள் அம்மாவின் ஸ்டூலில், கண்ணாடிக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, வேலையில் சேர்த்துக்கொண்டான். அவளுக்கும் டிவி என்றால் பிடிக்கும். டிவியை அணைத்ததும் படம் சுருங்கி நடுவில் வெள்ளைப் புள்ளியாகி மெல்ல மறையும்போது அதன்மேல் விரலை வைத்து, "தூங்கப் போகுது" என்பாள்.

ஜன்னல்களை மூடியிருந்தான். வால்வுகள் சூடேறி, பல வருடத் தூசி கருகும் வாடையும் மெழுகு இளகும் வாடையும் இருட்டில் கலந்து நின்றன. டிவிக்குள்ளிருந்து எழுந்த கீச்சொலி காதுக்குள் ஊசிபோல் இறங்கி, இறங்கியபடியே இருந்தது.

"அப்பா, உள்ள யாரோ இருக்காங்க."

"யாரு?"

"செவப்பா ஒருத்தங்க. பச்சையா ஒருத்தங்க. நீலமா ஒருத்தங்க. மூணு பேரும் தலைய சாய்ச்சிருக்காங்க."

கண்ணாடியில் பார்த்தான். மூன்று நிழல்கள். அந்தச் சாய்வை அவனுக்குத் தெரியும்.

வயரைப் பிடுங்கியிருக்க வேண்டும். அவன் சிவப்பைத் திருகினான்.

சிவப்பு நிழல் நகர்ந்து பச்சைமேல் படிந்தது. படிந்த இடத்தில் ஒரு தோள் உருவானது. நெற்றியோரத்தில், எப்போதும் ஒதுக்கிவிட்டுக்கொண்டே இருப்பாளே, அந்த முடி. இன்னும் கொஞ்சம் திருகினால் முகம் வந்துவிடும்.

"அப்பா, குளிருது."

அறை வெந்துகொண்டிருந்தது. அவன் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"கொஞ்சம் இரு பாப்பா."

கண்ணாடிக்குப் பக்கத்தில் அவள் கால்கள் தொங்குவது தெரிந்தது. பாதத்தின் ஒரு ஓரம் சிவப்பாகவும் மறு ஓரம் நீலமாகவும் பிசிறியது. கண் களைத்துவிட்டது என்று நினைத்தான்.

"அப்பா, என் கை ரெண்டா தெரியுது."

"அசையாத."

"ஏங்க, நீலம் இன்னும் கொஞ்சம்."

யார் சொன்னது என்று யோசிக்கும் முன்பே கை திருகிவிட்டது. பழகிய கை.

முகம் வந்தது. அவள்தான். அவனை அவள் பார்க்கவில்லை. ஸ்டூலைப் பார்த்தாள். பெற்ற பெண்ணை முதன்முதலாகப் பார்க்கிறாள் என்று நினைத்தான். இல்லை. தன் இடத்தில் உட்கார்ந்திருப்பவளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

எழுந்து டிவிக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

ஸ்டூலில் மூன்று பாப்பாக்கள். சிவப்பாக. பச்சையாக. நீலமாக. ஒன்றின் வழியே இன்னொன்று தெரிந்தது. மூன்று வாய்கள், ஒன்றன்பின் ஒன்றாக.

"அப்பா."

"அப்பா."

"அப்பா."

குனிந்தான். திருப்ப வேண்டும். எல்லாவற்றையும் பழையபடி. எதை? எவ்வளவு? கண்ணாடி வெறும் வெள்ளையாக எரிந்தது. எதுவும் தெரியவில்லை.

"பாப்பா, சொல்லு. எந்தப் பக்கம் திருகணும்?"

"இடது பக்கம்." பாப்பாவின் குரல்தான். "இன்னும்."

திருகினான்.

"இன்னும்."

திருகினான்.

"போதும்."

மூச்சு வந்தது.

"ஏங்க. இப்போ சரியா இருக்கு."

முன்பக்கம் ஓடினான்.

ஸ்டூலில் மனைவி உட்கார்ந்திருந்தாள். எந்த ஓரத்திலும் பிசிறு இல்லை. திரையில், வெள்ளைக் கட்டங்களுக்குப் பின்னால், பாப்பா. திரைக் கண்ணாடியில் உள்ளிருந்து இரண்டு உள்ளங்கைகளையும் அழுத்தியிருந்தாள். வாய் திறந்து திறந்து மூடியது. ஸ்பீக்கரை அவன் இன்னும் இணைக்கவில்லை. விரல் ரேகைவரை துல்லியம். அவ்வளவு கச்சிதமாக எதையும் அவன் பொருத்தியதில்லை.

கதவு தட்டப்பட்டது.

"மாப்பிள்ளை, பாப்பா ரெடியா?"

"வர்றேம்மா" என்று சொல்லி அவள் எழுந்தாள். நெற்றி முடியை ஒதுக்கினாள். அறையை விட்டுப் போகிறவர்கள் விளக்கை அணைப்பதுபோல் கை நீட்டி டிவியை அணைத்தாள். டிவியைப் போடும் அந்தத் தளர்ந்த குமிழை உருவிக் கையோடு எடுத்துக்கொண்டு போனாள்.

படம் சுருங்கியது. கைகள், முகம், கட்டம், எல்லாம். நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி.

அவன் அதன்மேல் விரலை வைத்தான். அடியில் அது துடித்தது. பிறகு மங்கத் தொடங்கியது.