நீரில்லா மட்டக்கோடு

திங்கட்கிழமைக் காலையில், மீன்தொட்டியைத் தாங்கி நின்ற ஓக் மரப்பெட்டியின்மீது, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், வெண்ணிறமான சுண்ணாம்புக் கோடு ஒன்று படிந்திருக்கக் கண்டார் கீல் ஹூபன். தொட்டியின் உட்புறத்தில் அத்தகைய கோடு படிவது இயல்பே. கடின நீர் ஆவியாகிக் குறையுந்தோறும் தான் நின்ற மட்டத்தை வெள்ளையாய் எழுதிவிட்டே இறங்கும். ஆனால் இப்பெட்டியை நீர் தொட்டதில்லை. தரையைத் தடவிப் பார்த்தார். உலர்ந்திருந்தது.

"தொட்டி ஒழுகுதா, கீல்?" என்று அடுத்த அறையிலிருந்து மனைவி நெல்லா கேட்டாள். மாடிப்படியில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டவள். இடுப்புமுதல் கணுக்கால்வரை மாவுக்கட்டு. படியேற இயலாதாகையால், கட்டிலைக் கீழே உணவறையிலேயே போட்டிருந்தார்கள்.

ஒழுகவில்லை என்றார் அவர். வினிகரில் துணியை நனைத்துக் கோட்டைத் துடைத்தார்.

"என்னைக்கூட நீ இவ்வளவு அக்கறையா துடைச்சதில்ல," என்றாள் அவள்.

சனிக்கிழமை மீன்தொட்டிப் போட்டியின் நடுவர் வரவிருந்தார். நெதர்லாந்தின் தெற்கு லிம்பர்க் வட்டாரச் சங்கங்களில் நடுவர் வீடுதேடி வந்துதான் மதிப்பெண் இடுவார். கீலுக்கு நான்கு ஆண்டுகளாக இரண்டாம் பரிசே வாய்த்தது. குழாய்நீரை நீர் வழங்கும் நிறுவனத்தார் சுண்ணாம்பு நீக்கி மென்மையாக்கியே அனுப்புகின்றனர். கடின நீரை விரும்பும் வாலிஸ்நேரியாச் செடிகளோ அதில் வெளிறிப் போயின. எனவே இவ்வாண்டு புதுத்தொட்டி அமைத்தபோது, வீட்டின் பின்னுள்ள சுண்ணக்கற்குன்றின் பழைய குகைக்குள் சென்று, அங்குள்ள குட்டையிலிருந்து பதினான்கு கேன் நீர் மொண்டுவந்தார். எவரிடமும் சொல்லவில்லை. குட்டை முழங்கால் ஆழமே இருந்தது. ஆயினும் குகைச் சுவரெங்கும், ஆளுயரத்துக்கும் மேலே, ஒரு வெள்ளைக் கோடு ஓடியதை அன்று விளக்கொளியில் கண்டிருந்தார்.

செடிகள் அந்நீரில் செழித்தன. நாடாபோன்ற இலைகள் மட்டம்வரை நிமிர்ந்து, மேற்பரப்பை எட்டியதும் மடங்கிப் படுத்து, எல்லாம் ஒரே திசையில் மெல்ல அசைந்தன. அவற்றினிடையே கப்பி மீன்கள் பொட்டுப்பொட்டாய்த் திரிந்தன.

செவ்வாயன்று கோடு மீண்டும் வந்தது. அரைச் சாண் உயர்ந்திருந்தது. பெட்டியில் மட்டுமன்று, நாற்காலிக் கால்களிலும், சுவர்த்தாளிலும், கதவுநிலையைத் தாண்டி நெல்லாவின் அறையிலும் படிந்திருந்தது. முப்பதாண்டுகள் தரைக்கல் பதித்த கைகள் அவருடையவை. ரசமட்டத்தை எடுத்துவந்து கோட்டின்மீது வைத்தார். இரு அறைகளிலும் குமிழ் நட்டநடுவில் நின்றது. சுவர் ஈரமில்லை. ஆனால் வீட்டினுள் குகையின் மணம் வீசிற்று. நனைந்த கல்லும் நெடுங்காலம் வெயில் காணாத காற்றும் கலந்த மணம்.

வியாழனன்று அது மெத்தையை எட்டியது. அவர் துடைத்தார். விரல்நுனிகள் வினிகரில் வெந்து எரிந்தன.

வெள்ளி மதியம் நெல்லாவுக்குச் சூப்பு ஊட்டியபோது, கோடு அவளுடைய போர்வையின் குறுக்காகவும் காதுமடல் வழியாகவும் சென்றது. கைக்குட்டையால் அதைத் துடைத்தார்.

"சத்தமா பேசேன்," என்றாள். "காதுக்குள்ள தண்ணி போன மாதிரி இருக்கு. நீ ரொம்ப தூரத்துல இருக்க."

"கீழயே படுத்திருக்கிறதால அப்படி இருக்கும்," என்றார்.

"தொட்டியைக் காலி பண்ணிடு, கீல்."

"ஏன்?"

"தெரியல. எனக்கு அது வேணாம்."

அவர் ரப்பர்க் குழாயை எடுத்துவந்தார். ஒரு முனையைத் தொட்டியில் அமிழ்த்தி, மறுமுனையை வாயில் வைத்தார். உறிஞ்சினால் போதும், கால்மணி நேரத்தில் நீர் இறங்கிவிடும். செடிகளும் படுத்துவிடும். படுத்தால் மீண்டும் நிமிர ஒரு மாதம் ஆகும்.

குழாயை வாயிலிருந்து எடுத்தார்.

"நாளைக்குப் பத்து மணிக்கு நடுவரம்மா வந்துட்டுப் போயிடுவாங்க. பத்தரைக்கு நானே காலி பண்றேன்," என்றார்.

அவள் கூரையையே பார்த்திருந்தாள். கேட்டிருக்கமாட்டாள் என்று எண்ணிக்கொண்டார்.

சனிக்கிழமை காலையில் முன்னறையை மட்டுமே துடைக்க நேரமிருந்தது. நெல்லா உறங்கிக்கொண்டிருந்தாள். வினிகர் நெடி அவளை எழுப்பிவிடாதபடி இடைக்கதவைச் சாத்தினார்.

நடுவர் ஹென்னி டாசன் செர்ரிப் பழம் வைத்துச் சுட்ட ஃப்ளாய் அப்பத்தில் ஒரு துண்டைத் தின்று, காப்பியைக் குடித்து, வெகுநேரம் தொட்டியின்முன் குந்தியிருந்தார். பிறகு எழுந்து, சோதனைக்குப்பியில் நீரை மொண்டு, கடினத்தை அளக்கும் சொட்டுமருந்தை விட்டார். சிவப்பு பச்சையாகும்வரை சொட்டுகளை எண்ணவேண்டும். பத்து. இருபது. முப்பது. சிவப்பாகவே இருந்தது.

"என் மருந்தே தீர்ந்துடும்போல. எந்தத் தண்ணி இது, ஹூபன்?"

"குகைத் தண்ணிங்க."

நடுவர் குப்பியை மூடினார். "யாரும் அங்க மொள்ளமாட்டாங்களே. சரி, இப்படி ஒரு செடியை நான் பார்த்ததில்ல. இந்த வருஷம் உங்களுக்குத்தான்."

கீலின் நெஞ்சு நிறைந்தது. அப்போதுதான் கண்டார். நடுவருடைய கறுப்புப் பாவாடையில், இடுப்புக்குக் கீழே, ஒரு வெள்ளைக் கோடு. அவர் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே அது ஏறியது. இடுப்பு. விலா.

"உங்க வீட்டம்மாகிட்ட நானே சொல்றேனே," என்று நடுவர் நடந்துசென்று இடைக்கதவைத் திறந்தார்.

வாசலிலேயே நின்றுவிட்டார்.

அறை உலர்ந்திருந்தது. சன்னல்வழியே நவம்பர் வெளிச்சம் பச்சையாய் விழுந்தது. நான்கு சுவர்களிலும், நெஞ்சுயரத்தில், கோடு.

அதன்கீழே நெல்லா. மல்லாந்து கிடந்தாள். கண்கள் திறந்திருந்தன, இமைமயிர்களில் சுண்ணாம்பு. நரைத்த கூந்தல் தலையணைமேல் இல்லை. நாடாநாடாய் நிமிர்ந்து, கோட்டின் உயரத்தை எட்டி, அங்கே மடங்கிப் படுத்து, ஒரே திசையில் மெல்ல அசைந்தது.

அவளுடைய உதடுகள் பிரிந்தன.

ஒரு குமிழி.

அது வெறுங்காற்றில் மேலே ஏறியது. கோடுவரை வந்தது. உடைந்தது.

கோடு கழுத்துக்கு மேலே ஏறியது. கீலின் காதுக்குள் குளிர்ந்து ஏதோ நிறைந்தது.