பதின்மூன்றாவது அவரை விதை

"ஹெஸ்டர்! ஏ ஹெஸ்டர்! மேல வா, உடனே!"

அப்பா போட்ட சத்தத்தில் கூரையில் இருந்த புறாக்கள் எல்லாம் படபடவென்று எழும்பின. ஹெஸ்டர் தறிக்கட்டையில் இடித்துக்கொண்டு ஏணியில் ஏறினாள்.

அவள் அப்பா ஆபெல் லண்டன் நகரத்துப் பட்டு நெசவாளர். ரயில் வந்துவிட்டது, மின்விளக்கு இன்னும் வரவில்லை, அந்தக் காலம். அவர்கள் தெருவில் பகலெல்லாம் தறி ஓடும். மற்ற நேரமெல்லாம் எல்லோருக்கும் புறாப் பைத்தியம்.

அப்பாவின் கையில் மூன்று வாரக் குஞ்சு ஒன்று திமிறியது.

"இது என்ன நிறம், சொல்லு?"

"நீலம்ப்பா. இறக்கையில ரெண்டு கறுப்புப் பட்டை. அழகா இருக்கு!"

"அழகா? எவ்வளவு பெரிய அவமானம் தெரியுமா!"

கறுப்பு விசிறிவால் புறா ஒன்றை உருவாக்கிவிட வேண்டும் என்பது அவர் கனவு. அதற்காக வெள்ளை விசிறிவாலையும் கறுப்புக் குட்டை அலகுப் புறாவையும் ஜோடி சேர்த்தார். புள்ளி புள்ளியாகக் குஞ்சுகள் பிறந்தன. அவற்றிலேயே இரண்டை மறுபடி ஜோடி சேர்த்தார். கடைசியில் வந்து சேர்ந்தது இந்த நீலம்.

"நீ கூண்டைச் சாத்தாம விட்டிருக்க. பக்கத்து வீட்டு டோசரோட தெருப்புறா உள்ள பூந்திருச்சு!"

"நான் தாழ்ப்பாள் போட்டேன்ப்பா. தினமும் ரெண்டு தடவை இழுத்துப் பார்ப்பேன்."

"அப்ப இந்த நீலம் எங்கிருந்து வந்துச்சு? வானத்துலருந்து குதிச்சுதா? ஆறு மணிக்குப் புறாக் கழகக் கூட்டம். அதுக்குள்ள இதோட கழுத்தைத் திருகிடணும். வெளிய தெரிஞ்சா நம்ம புறா கலப்படம்னு சொல்லிடுவாங்க."

நிறம் தப்பிய குஞ்சைச் சத்தமில்லாமல் தீர்த்துவிடுவார்கள். அதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். அதுதான் அங்கே வழக்கம்.

ஹெஸ்டர் குஞ்சைப் பார்த்தாள். அது அவள் விரலைத் தீவனம் என்று நினைத்துக் கொத்தியது.

"ஆறு மணி வரைக்கும் எனக்குக் குடுங்கப்பா. நான் கதவைத் திறந்து விடலைன்னு காட்டுறேன்."

அப்பா முறைத்தார். பிறகு, "ஆறு மணி வரைக்கும்தான்" என்றார்.

குஞ்சை மூடுகூடையில் வைத்துக்கொண்டு ஹெஸ்டர் முதலில் செருப்புத் தைக்கும் டோசரிடம் போனாள்.

"டோசர் மாமா, உங்ககிட்ட நீலப் புறா இருக்கா?"

"என்கிட்ட இருக்கிறது எல்லாமே செவலை. வேணும்னா ஏறிப் பாரு. உங்கப்பன் அனுப்பினானா? பொழுது விடிஞ்சா என் புறா மேலதான் அவன் கண்ணு!"

ஏறிப் பார்த்தாள். பதினாறும் செவலைதான்.

கூடைக்குள் எட்டிப் பார்த்த டோசர் புருவத்தை உயர்த்தினார். "இது கடலோரப் பாறையில கூடு கட்டுற காட்டுப்புறா மாதிரியில்ல இருக்கு! நான் கப்பல்ல இருந்தப்போ ஆயிரம் பார்த்திருக்கேன். அச்சு அசல் இதே பட்டை."

ஹெஸ்டருக்குத் தலை சுற்றியது. கடல் எங்கே, அவர்கள் கூரை எங்கே? காட்டுப்புறா வழி கேட்டுக்கொண்டு வந்து தாழ்ப்பாளைத் திறந்ததா?

இது அவர்கள் வீட்டில் மட்டும்தான் நடக்கிறதா? கேட்டால் யார் சொல்வார்கள்? 'உங்க வீட்டுல நீலக் குஞ்சு பிறந்துச்சா' என்றால் 'சீச்சீ' என்பார்கள். ஹெஸ்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு ரொட்டிக்கடை நெட் மாமாவிடம் போனாள். அவர் வளர்ப்பது ஊதுகழுத்துப் புறா.

"மாமா, உங்க வீட்டு நீலக் குஞ்சையெல்லாம் யாருக்கும் தெரியாம எப்படி ஒளிச்சீங்க?"

நெட்டின் கையிலிருந்த ரொட்டி நழுவியது. "யாரு சொன்னா உனக்கு? ஒண்ணே ஒண்ணுதான்! போன வருஷம்! சத்தியமா வெளிய சொல்லாதே!"

"சொல்ல மாட்டேன் மாமா."

இன்னும் மூன்று வீடுகளுக்குப் போனாள். ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு வகைப் புறா. மூன்றிலும் அதே நீலம், அதே இரண்டு பட்டை, அதே சத்தியம்.

இப்போது அவளுக்கு உண்மை தெரியும். ஆனால் சொல்ல முடியாது. மணி ஆறடித்தது.

தெருமுனை விடுதியின் மாடி அறையில் கழகத்தார் பன்னிரண்டு பேரும் கூடியிருந்தார்கள். தலைவர் காஸ்காய்ன் நாற்காலி நிறைய உட்கார்ந்திருந்தார். ஓரத்தில் ஒரு விருந்தாளி, லாம்பார்ட். புறா எலும்புகளைச் சேர்த்து ஆராய்கிறவர்.

"பைபிள் பிரளயத்துல நோவாவின் கப்பல்ல ஏறினப்பவே ஊதுகழுத்து வேற, விசிறிவால் வேற" என்று மேசையைத் தட்டினார் தலைவர். "என் கூண்டுல நாப்பது வருஷமா ஒரு தப்புக் குஞ்சு கிடையாது!"

கதவு திறந்தது. கூடையோடு ஹெஸ்டர் நின்றாள். அப்பாவின் முகம் வெளுத்தது.

"ஐயா, இந்தக் குஞ்சு..."

அவள் தடுமாறினாள். யாருடைய குஞ்சு என்று சொன்னால் அப்பாவுக்கு அவமானம். சொல்லாவிட்டால் குஞ்சு பிழைக்காது.

பின்வரிசையில் நாற்காலி கிரீச்சிட்டது. "அது என் கூண்டுல பிறந்தது" என்று அப்பா எழுந்து நின்றார். காதெல்லாம் சிவந்திருந்தது.

"அட, ஆபெல்! சாக்கடைப் புறாவைச் சேர்த்துட்டியா?" என்றார் ஒருவர். அறையே சிரித்தது. நெட் மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹெஸ்டருக்குக் கோபம் வந்தது. கோபத்தில் ஒரு யோசனையும் வந்தது. புதிய ஆளைக் கழகத்தில் சேர்க்கலாமா என்று முடிவெடுக்க அங்கே ஒரு முறை உண்டு. பெட்டியில் வெள்ளை, கறுப்பு அவரை விதைகள் இருக்கும். மூடிய கையோடு ஆளுக்கு ஒன்றைத் தொப்பிக்குள் போடுவார்கள். யார் எதைப் போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது.

"அவரை விதை போடலாமா ஐயா? உங்க கூண்டுல நீலக் குஞ்சே பிறந்ததில்லைன்னா கறுப்பு. எப்பவாவது பிறந்திருந்தா வெள்ளை. யாரும் பேர் சொல்ல வேண்டாம்."

"சின்னப்புள்ளை விளையாட்டு!" என்றார் தலைவர்.

"தயவுசெய்து போடுங்க" என்றார் லாம்பார்ட், நாற்காலி நுனிக்கு வந்து. "ரெண்டு வருஷமா இதைத்தான் எல்லார்கிட்டயும் கேட்டுட்டிருக்கேன். யாரும் வாயைத் திறக்கலை."

தொப்பி சுற்றி வந்தது. கடைசியில் லாம்பார்ட் அதை மேசையில் கவிழ்த்தார்.

வெள்ளை. வெள்ளை. வெள்ளை. கறுப்பு ஒன்றுகூட இல்லை.

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்தார்கள்.

"பதிமூணு இருக்கே?" என்றாள் ஹெஸ்டர். "நீங்க பன்னண்டு பேர்தானே?"

"எவனோ ரெண்டு போட்டுட்டான்!" என்று நெட் சிரித்தார். இந்தத் தடவை எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். அதன்பிறகு வாய்கள் திறந்துகொண்டன. "எனக்கு நாலு!" "என் தாத்தா காலத்துலயே உண்டு!" லாம்பார்டின் பேனா பறந்தது.

"வேற வேற வகை, வேற வேற வீடு. எப்படி எல்லாத்துலயும் இதே பட்டை?" என்று அவர் தனக்குத்தானே முணுமுணுத்தார்.

"என் தம்பிக்குச் செம்பட்டை முடி" என்றாள் ஹெஸ்டர் மெதுவாக. "எங்க வீட்டுல யாருக்கும் கிடையாது. அம்மாவோட தாத்தாவுக்கு இருந்துச்சாம். அந்த மாதிரி, ரொம்ப ரொம்ப முன்னாடி இந்தப் புறா எல்லாத்துக்கும் ஒரே தாத்தா இருந்திருந்தா? பாறையில கூடு கட்டுற நீலத் தாத்தா?"

லாம்பார்டின் பேனா நின்றது. "அப்ப ஊதுகழுத்தும் விசிறிவாலும்?"

"அப்புறமா கொஞ்சம் கொஞ்சமா மாறி வந்திருக்கும்."

அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார், கீழே இரண்டு கோடும் போட்டார். "புறாவே இப்படி மாறியிருந்தா, மத்ததெல்லாம்?" என்றார்.

அப்பா கூடைக்குள் விரலை விட்டார். குஞ்சு அதையும் கொத்தியது. "நீ தாழ்ப்பாள் போட்டுத்தான் இருந்திருக்க, ஹெஸ்டர். நான்தான் கத்திட்டேன். இது நம்ம கூண்டுலயே இருக்கட்டும்."

எல்லோரும் கலைந்து படியிறங்கும்போது யாரோ அவள் தோளைத் தொட்டார்கள். தலைவர் காஸ்காய்ன்! அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குனிந்தார்.

"ரெண்டு போட்டது நான்தாம்மா. ஒண்ணு எனக்கு. இன்னொண்ணு, கொல்ல மனசு வராம ஆறு வருஷமா என் படுக்கையறையில ஒளிச்சு வளர்க்கிறேனே, அந்த நீலத்துக்கு!"